எல்லா ஊர்க் கடைத்தெருவும் ஒரே மாதிரி ஆவது எப்படி?

பிரிட்டனில் எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் அதே பூட்ஸ் மருந்துக் கடை, அதே கோஸ்டா காப்பிக் கடை, அதே கிரெக்ஸ் பேக்கரி. போர்டை மறைத்துவிட்டால் எந்த ஊரில் நிற்கிறோம் என்றே தெரியாது. 2005-இல் நியூ எகனாமிக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பு இப்படிப்பட்ட ஊர்களுக்கு 'குளோன் நகரம்' என்று பெயர் வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் முதலிடம் எக்சிட்டருக்கு. ரோமானியர் கட்டிய மதில் இன்னும் நிற்கிற ஊர், பாவம்.

சனங்களுக்குப் பிடிக்கிறது, அதனால் வருகிறது என்று சொல்லிவிடலாம். பாதி உண்மைதான். மொத்தமாகக் கொள்முதல் செய்கிறவன் மலிவாக விற்பான், அதுவும் சரி. ஆனால் மீதிக் கதை குத்தகைப் பத்திரத்தில் இருக்கிறது, அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

கட்டட உரிமையாளர் பக்கமிருந்து பாருங்கள். ஆண்டு வாடகை 1 லட்சம் பவுண்டு வருகிற கடை ஒன்று. நாடு முழுக்கக் கிளை உள்ள நிறுவனம் குடியிருந்தால், வாடகை தவறாமல் வரும் என்ற நம்பிக்கையில், முதலீட்டாளர் ஆண்டுக்கு 5 சதவீத வருமானமே போதும் என்று 20 லட்சம் கொடுத்து வாங்குவார். அதே வாடகையை உள்ளூர்ப் புத்தகக் கடைக்காரர் கொடுத்தால், ஆபத்துக்கும் சேர்த்து முதலீட்டாளர் 8 சதவீதம் கேட்பார், மதிப்பு 12.5 லட்சமாக இறங்கிவிடும். (எண்கள் சும்மா கணக்குக்குத்தான், தர்க்கம் நிஜம்.) செங்கல் அதே செங்கல், வாடகையும் அதேதான், ஆள் மாறியதில் மட்டும் ஏழரை லட்சம் போச்சு. வங்கியும் இந்த மதிப்பைப் பார்த்துத்தான் கடன் கொடுக்கிறது என்னும்போது, உரிமையாளர் யாருக்குச் சாவி கொடுப்பார்?

அப்புறம் வாடகையை அளக்கும் முறை. அங்கே கடையை முகப்பிலிருந்து உள்ளே 6.1 மீட்டருக்கு ஒரு பட்டையாகப் பிரிக்கிறார்கள். முதல் பட்டைக்கு முழு விலை, அடுத்ததற்குப் பாதி, அதற்கடுத்ததற்குக் கால். இந்த முதல் பட்டையின் விலையை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்றால், பக்கத்துக் கடைகளில் அண்மையில் பேசி முடித்த வாடகையிலிருந்துதான். அதாவது பெரிய கம்பெனி ஒன்று தெருவுக்குள் நுழைய அதிகம் கொடுத்துவிட்டால், நாலு கடை தள்ளி இருக்கிற தையல் கடைக்கும் வாடகை மறுநிர்ணயத்தின்போது அந்தத் தொகைதான் சாட்சி. இந்த மறுநிர்ணயம் வழக்கமாக 5 ஆண்டுக்கு ஒருமுறை வரும், பல பத்திரங்களில் வாடகை ஏறலாம், இறங்கக் கூடாது என்றே எழுதியிருக்கும். சந்தை படுத்தாலும் வாடகை படுக்காது. தையல்காரர் காலி செய்வார், அங்கேயும் ஒரு கிளை வரும்.

சரி, அந்த 'நம்பகமான' நிறுவனம் எவ்வளவு நம்பகம்? நாடு முழுக்கக் கிளை வைத்திருந்த வூல்வொர்த்ஸ் என்ற கடை நிறுவனம் 2008 கடைசியில் திவாலானது. 2009 ஜனவரி முதல் வாரத்துக்குள் 800-க்கு மேற்பட்ட கிளைகளுக்கும் பூட்டு. ஒரே மாதிரி ஆன ஊர்களில் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி ஓட்டை.

எதிர்த்து நின்ற ஊரும் உண்டு. எக்சிட்டர் இருக்கிற அதே டெவன் மாவட்டத்தில் டாட்னஸ் என்ற சின்ன ஊர். சனங்கள் எதிர்த்துக் கிளம்பியதில், அங்கே கடை திறக்கும் திட்டத்தை 2012-இல் கோஸ்டா கைவிட்டது. ஆனால் ஒவ்வொரு தெருவிலும் கொடி பிடிக்க முடியுமா? பத்திரத்தில் கை வைப்பதுதான் வழி என்பது என் எண்ணம். வாடகை ஏற மட்டுமே அனுமதிக்கும் அந்த விதியை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிய குத்தகைகளில் தடை செய்ய, 2025 ஜூலையில் பிரிட்டன் அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. எதிர்ப்புக் குரல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.