ஒரே காற்று, இரண்டு விதமான தண்ணீர்

பினாங்கில் பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே ஃபெரியில் அடிக்கடி போய்வருகிறவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். ஒரு நாள் காற்று நன்றாக அடிக்கும், தண்ணீர் மட்டும் பெரிய சலனமில்லாமல் கிடக்கும். இன்னொரு நாள் அதே திசையிலிருந்து அதே அளவு காற்று. கொடியும் அதே மாதிரிதான் படபடக்கும். ஆனால் நீரிணை முழுக்க வெள்ளை நுரை, சின்னப் படகுகள் துள்ளித் துள்ளிப் போகும். காற்று கூடவில்லை என்றால் அலை மட்டும் எங்கிருந்து வந்தது?

தண்ணீரும் ஓடுகிறது என்பதுதான் விஷயம். முதல் நாள் ஓட்டம் காற்று போகும் திசையிலேயே போயிருக்கும், மறுநாள் எதிர்த்து வந்திருக்கும். பார்க்க இது சின்ன வித்தியாசம்தான். விண்ட்சர்ஃபிங், கைட்போர்டிங், விங் ஃபாயில் என்று காற்றை நம்பித் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கோ, அன்றைய பொழுது தேறுமா தேறாதா என்பதையே இது முடிவு செய்துவிடும்.

இதை நன்றாகப் புரிந்துகொள்ள அமெரிக்காவுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். ஓரிகன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் ஹூட் ரிவர் என்ற சிற்றூர் இருக்கிறது. 1980களில் விண்ட்சர்ஃபிங் பரவியபோது உலகம் முழுக்கப் பேர் வாங்கிய இடம் அது. கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே தள்ளி, ஓர் ஆற்றில், கோடை முழுக்க 20, 25 நாட் காற்று அடிக்கிறது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், 25 நாட் என்றால் மணிக்கு 46 கிலோமீட்டர்.

அங்கே காற்றை உண்டாக்குவது ஆறு அல்ல. மேற்கே பசிபிக் கடல். கோடையிலும் குளிர்ந்த தண்ணீர், அதன் மேல் குளிர்ந்து கனத்த காற்று. கிழக்கே மரமில்லாத வறண்ட சமவெளி. ஜூலையில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும், காற்று சூடாகி இலேசாகிறது. இரண்டுக்கும் நடுவே காஸ்கேட் மலைத்தொடர் வடக்கு தெற்காகச் சுவர்போல நிற்கிறது. மவுண்ட் ஹூட் சிகரம் மட்டும் 3,429 மீட்டர். கடல் மட்டத்தை ஒட்டி இந்தச் சுவரில் இருக்கும் ஒரே வழி, கொலம்பியா ஆறு அறுத்த பள்ளத்தாக்கு. சுமார் 130 கிலோமீட்டர் நீளம், ஆழம் சில இடங்களில் 1,200 மீட்டர். மேற்கே அழுத்தம் அதிகம், கிழக்கே குறைவு, நடுவே ஒரே ஒரு வாசல்.

குறுகலான இடத்தில் நெரிபட்டுத்தான் காற்று வேகமெடுக்கிறது என்று பலரும் சொல்வார்கள். முழுக்கத் தப்பென்று சொல்ல முடியாது, ஆனால் முக்கியக் காரணம் அதுவல்ல. அப்படி இருந்தால் பள்ளத்தாக்கு எங்கே ரொம்பக் குறுகலோ அங்கேதான் காற்று உச்சத்தில் இருக்க வேண்டும். இது போன்ற மலைவாசல்களில் அளந்து பார்த்தால், பலத்த காற்று பெரும்பாலும் வாசலைக் கடந்து வெளியேறும் பக்கத்தில் இருக்கிறது. சரிவான வாய்க்காலில் இறங்கும் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள்: போகப் போக வேகம் ஏறிக்கொண்டே போகும். இங்கே சரிவு என்பது அழுத்த வித்தியாசம். திறந்த வெளியில் புவியின் சுழற்சி காற்றை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும். பள்ளத்தாக்குக்குள் இரண்டு பக்கமும் மலை, திரும்ப இடமில்லை. அதிக அழுத்தத்திலிருந்து குறைந்த அழுத்தத்துக்கு நேராக ஓடுவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது.

அழுத்தம் எவ்வளவு மாறினால் போதும் என்று கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். வழக்கமான காற்றழுத்தம் ஆயிரத்துச் சொச்சம் ஹெக்டோபாஸ்கல். இரு முனைகளுக்கும் நடுவே வெறும் 3 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம், அதாவது 0.3 சதவீதம். உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டால் அது காற்றை வினாடிக்கு 22 மீட்டர் வேகத்துக்குத் தள்ளிவிடும். நாட் கணக்கில் சொன்னால் 43. மரம், பாறை, தண்ணீர் எல்லாம் உரசி அதில் பாதியைத் தின்றாலும் மீதி 20 நாட்டுக்கு மேல். விளையாட வருகிறவர்கள் கேட்பதும் அதைத்தான். அதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் காலையில் எழுந்ததும் பள்ளத்தாக்கின் இரு முனைகளின் அழுத்தத்தைக் கழித்துப் பார்க்கிறார்கள். மேற்கே மேகம், கிழக்கே பளிச்சென்று வெயில் என்றால் கழித்தல் கணக்கே வேண்டாம்.

இனி தண்ணீருக்கு வருவோம். கொலம்பியா ஆறு கிழக்கிலிருந்து மேற்கே, கடலைப் பார்த்து ஓடுகிறது. கோடைக்காற்றோ மேற்கிலிருந்து கிழக்கே வருகிறது. இரண்டும் நேருக்கு நேர். காற்று 15 நாட், ஓட்டம் 2 நாட் என்று வைத்துக்கொள்வோம். பலகையில் நிற்கிறவரைத் தண்ணீர் காற்றுக்கு எதிரே சுமந்து போகிறது. ஆகவே அவருடைய பாய்க்குக் கிடைப்பது 17 நாட். இதே ஓட்டம் காற்றோடு சேர்ந்து போனால் 13தான் கிடைக்கும். 17க்கும் 13க்கும் அப்படியென்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். பாயைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 17ஐ 17ஆல் பெருக்கினால் 289, 13ஐ 13ஆல் பெருக்கினால் 169. கிட்டத்தட்ட 70 சதவீதம் கூடுதல் விசை! வானிலை அறிக்கையில் இரண்டு நாளுக்கும் ஒரே எண்தான் போட்டிருப்பார்கள்.

அலையின் கதை இன்னும் சுவையானது. எதிர் ஓட்டத்துக்குள் நுழையும் அலை மெதுவாகிறது. பின்னால் வரும் முகடு முன்னால் போகும் முகட்டை நெருங்குகிறது, இடைவெளி சுருங்குகிறது. நீளமாகப் பரவிக் கிடந்த ஆற்றல் குட்டையான இடத்தில் குவிவதால் அலை உயர்ந்து செங்குத்தாகிறது. ஓட்டம் இன்னும் வலுத்தால் அலையால் முன்னேறவே முடியாது. ஆழமான நீரில் இதற்கு ஓர் எல்லை உண்டு: எதிர் ஓட்டத்தின் வேகம் அலையின் வேகத்தில் கால் பங்கை எட்டினால் அலை அங்கேயே மாட்டிக்கொண்டு உடைந்துவிடும். மூன்று வினாடிக்கு ஒரு முகடு வரும் சின்ன அலையின் வேகம் வினாடிக்கு சுமார் 4.7 மீட்டர். அதில் கால் பங்கு 1.2 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது 2.3 நாட். ஓர் ஆற்றுக்கோ நீரிணைக்கோ இது எட்டாத வேகம் இல்லை. ஓட்டம் காற்றோடு போனால் எல்லாம் தலைகீழ்: அலை நீண்டு படுத்துவிடும், தண்ணீரை உரசும் காற்றும் குறையும். ஃபெரியிலிருந்து பார்த்த வழவழப்பான தண்ணீர் இதுதான்.

கொலம்பியாவில் இதனால் இன்னொரு வசதியும் உண்டு. காற்று நம்மைக் கிழக்கே தள்ளும், ஆறு மேற்கே இழுக்கும். புறப்பட்ட இடத்தை விட்டு ரொம்ப தூரம் போய்விடாமல் விளையாடலாம். காற்று திடீரென்று விழுந்துவிட்டால்தான் சிக்கல். பாயைப் பிடித்துக்கொண்டு ஆற்றோடு போக வேண்டியதுதான்.

சரி, பினாங்குக்குத் திரும்புவோம். நம் நீரிணை ஃபெரித்துறைகளுக்கு இடையே மூன்று கிலோமீட்டர் அளவுதான் அகலம். வடக்கு தெற்காக ஓடும் பெரிய ஆறு என்றே சொல்லலாம், அதுவும் கடலின் ஏற்றவற்றத்தால் ஒரு நாளில் நான்கு முறை திசை மாற்றிக்கொள்ளும் ஆறு. வாசல் இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது. இல்லாதது அழுத்த வித்தியாசம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்தரை டிகிரிக்குக் கொஞ்சம் குறைவில் இருக்கிறோம். இங்கே அக்கம்பக்கத்து ஊர்களுக்குள் அழுத்தம் பெரிதாக மாறுவதில்லை.

அழுத்தம் மாறுவதில்லை என்றால் சிலர் கைபேசியைக் காட்டுவார்கள். அதிலுள்ள அழுத்தமானி காலை பத்து மணிவாக்கில் உச்சத்தில் நிற்கும். மாலை நான்கு மணிக்குள் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருக்கும். இரவு பத்துக்கு மீண்டும் ஏறும். கொலம்பியாவில் 20 நாட்டுக்கு மேல் காற்றைக் கொண்டுவரும் அளவு இங்கே தினமும் இறங்குகிறது, ஆனால் ஓர் இலை அசைவதில்லை! சூரிய வெப்பத்தால் வளிமண்டலம் முழுவதும் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் ஏற்றவற்றம் இது. பினாங்கிலும் ஈப்போவிலும் அலோர் ஸ்டாரிலும் ஒரே நேரத்தில் இறங்குவதால் இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டாவதில்லை. வித்தியாசம் இல்லாத இடத்தில் காற்றுக்கு வேலை இல்லை.

நமக்கு வாய்த்தது கடற்காற்று. வெயிலில் நிலம் சட்டென்று சூடாகும், கடல் ஆகாது. முற்பகலில் மெல்ல ஆரம்பித்து பிற்பகலில் உச்சத்துக்கு வரும். நல்ல வெயில் நாளில் 10 முதல் 15 நாட் வரை எட்டும், உள்நாட்டுக்குள் பல பத்து கிலோமீட்டர் நுழையும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தனியாக அவ்வளவு வலுவானதல்ல. பெரும்பாலும் 15 நாட்டுக்குள்தான். ஆனால் மேற்குக் கரையில் கடற்காற்றும் ஏறத்தாழ அதே திசையிலிருந்து வருவதால் இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன.

அது ஜார்ஜ்டவுன் பக்கம் வந்து சேர்கிறதா என்பதுதான் கேள்வி. நடுவே கொடிமலைத் தொடர் 833 மீட்டர் உயரத்தில் குறுக்கே நிற்கிறது. மலைக்கு மேற்கே பாலிக் புலாவ் பக்கம் தென்னங்கீற்று ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருக்கும் அதே பிற்பகலில் கிழக்கே தண்ணீர்மலை அடிவாரத்தில் வியர்த்து ஒழுகும். மலையைத் தாண்டி வருகிற காற்றும் சுழன்று சுழன்று விட்டு விட்டுத்தான் வரும். கட்டடங்களும் சளைத்தவை அல்ல. பாய்ப்படகு ஓட்டுகிறவர்கள் வைத்திருக்கும் பொதுக்கணக்கு, ஒரு தடுப்பின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்காவது காற்று கெட்டிருக்கும் என்பது. கர்னி கடலோரத்தில் நாற்பது மாடி அடுக்ககம் ஒன்று 130 மீட்டர் என்றால் அதற்கு அப்பால் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தண்ணீரில் நிலையான காற்று கிடைக்காது. சராசரி 10 நாட் என்றிருக்கும். நான்கும் பதினெட்டுமாக மாறி மாறி வரும். கற்றுக்கொள்ள வருகிறவரின் கையிலிருந்து பாயைப் பிடுங்குவது இந்தப் பதினெட்டுதான்.

நவம்பருக்கு மேல் வடகிழக்குப் பருவக்காற்று. அது தீபகற்பத்தைக் கடந்து செபராங் பிறைச் சமவெளி வழியாக வருகிறது. சமவெளியில் அங்கங்கே குன்றுகள் உண்டு, புக்கிட் மெர்தாஜாம் மலையும் உண்டு. என்றாலும் நீரிணையை ஒட்டிய பகுதி தட்டையானது. இரவில் குளிர்ந்த நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வரும் நிலக்காற்றும் அதே வாக்கில் வருவதால் ஜனவரி, பிப்ரவரி காலைகளில் நீரிணைக்குள் சீரான காற்று கிடைக்கும். மழையும் அந்த மாதங்களில்தான் குறைவு. ஹூட் ரிவர்க்காரர்கள் இதைக் காற்று என்றே ஒத்துக்கொள்ளமாட்டார்கள். தண்ணீருக்கடியில் இறக்கை வைத்த ஃபாயில் பலகை வந்த பிறகு அவர்களுடைய கணக்கும் கொஞ்சம் மாறியிருக்கிறது. பலகை தண்ணீரை விட்டு எழும்பிவிடுவதால் பத்து நாட் பக்கமே ஓடத் தொடங்கிவிடலாம்.

இங்கே பலத்த காற்றே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கத்திலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் இடிமழை வரிசைகள் இருக்கின்றன. பெரும்பாலும் விடிவதற்கு முன்போ காலையிலோ வரும். ‘சுமத்ரா’ என்றே அதற்குப் பெயர். மழைத்துளிகள் விழும்போது ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும். குளிர்ந்து கனத்த காற்று கீழே இறங்கித் தரையில் மோதி முன்பக்கமாகப் பாயும். மழைக்கு முன்னால் மேற்கு வானத்தில் அலமாரித் தட்டு மாதிரி ஒரு கறுத்த மேகம் தாழ நீண்டு வருகிறதே, அதன் அடியில் வருவது இந்தக் காற்றுதான். ஐந்து நாட்டிலிருந்து நாற்பது நாட்டுக்கு ஓரிரு நிமிடங்களில் தாவும், திசையும் மாறும். பத்து நாட்டுக்கு என்று எடுத்துக்கொண்டு போன கைட் நாற்பதில் பதினாறு மடங்கு விசையை வாங்கும். அதைக் கையால் அடக்க யாராலும் முடியாது. சிங்கப்பூரில் 1984 ஏப்ரல் 25 அன்று மணிக்கு 144.4 கிலோமீட்டர் வேகம் பதிவானது. அந்த மேகத்தைப் பார்த்த பிறகு இன்னும் ஒரு சுற்று ஓடலாம் என்று நினைப்பது வீரம் அல்ல. இடி காதில் விழுந்தால் மேகத்தைத் தேட வேண்டியதே இல்லை, கரையேறிவிட வேண்டும்.

தண்ணீருக்குப் போகுமுன் இரண்டு எண் போதும். ஓட்டத்துக்கு, வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ்க் காலண்டரே பாதி சொல்லிவிடும்: அமாவாசை, பௌர்ணமிக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து ஓட்டம் வலுக்கும், அட்டமியை ஒட்டித் தளரும். மணி என்ன என்பதற்கு ஏற்றவற்ற அட்டவணை. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். காற்றுக்கு, பாயான் லெப்பாஸ் விமான நிலையம் விமானிகளுக்காக வெளியிடும் மெட்டார் அறிக்கை இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அதில் 24012 என்று தொடங்கி நாட் குறியீட்டுடன் முடியும் ஒரு துண்டு வரும். முதல் மூன்று இலக்கம் காற்று வரும் திசை, டிகிரியில். அடுத்த இரண்டும் வேகம். 240 என்றால் தென்மேற்கு. விமான நிலையம் தீவின் தெற்கே இருப்பதால் அங்கே பதிவாகும் 12 நாட்டில் எவ்வளவு மலையைத் தாண்டி நகரப் பக்கம் வரும் என்பது சந்தேகம்தான். 040 என்று வந்தால் வடகிழக்கு; நீரிணைப் பக்கம் பெரிய தடை கிடையாது. அந்த விமான நிலையத்தின் ஓடுபாதை எண்களும் 04, 22தான், அதாவது 40 டிகிரியும் 220 டிகிரியும். ஓடுபாதையைக் காற்றின் போக்கைப் பார்த்துத்தான் பொதுவாகப் போடுவார்கள்.