விஷக்கிழங்கு கொதிக்கும்போது பானைக்குள் என்ன நடக்கிறது?

"இதயம் தளர்ந்தவருக்குச் சீன வைத்தியத்தில் விஷக்கிழங்கைக் காய்ச்சிக் கொடுப்பார்களாமே, ஆள் எப்படிப் பிழைக்கிறார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

அந்தக் கிழங்கு ஃபூட்ஸு. சிச்சுவான் மாகாணத்தின் ஜியாங்யோவில் பயிராகும் அகோனைட் செடியின் பக்கக் கிழங்கு. சித்த மருத்துவத்தில் வரும் நாபிக்கு நெருங்கிய உறவு. கி.பி. 200 வாக்கில் சீன வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங் எழுதிய ‘ஷாங்ஹான் லுன்’ நூலிலுள்ள ‘ஸினி தாங்’ கஷாயத்துக்கு இதுதான் தலைமைச் சரக்கு. கூடவே சுக்கும் பக்குவம் செய்த அதிமதுரமும் சேரும். கைகால் சில்லிட்டு, நாடி அமுங்கி, ஆள் ஓய்ந்துபோகும் நிலைக்கு அதைக் கொடுத்தார்கள்.

கிழங்கின் நஞ்சு அகோனிட்டின். நரம்பிலும் இதயத் தசையிலும் சோடியம் அயனிகள் நுழையும் கதவு, திறந்த கணமே மூடிக்கொள்ள வேண்டும். அகோனிட்டின் அதில் ஒட்டிக்கொண்டு மூடவிடாமல் செய்கிறது. முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், அடுத்து வாந்தி, பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகும். சில மில்லிகிராம் போதும், உயிர் போக.

இனி பானைக்குள் பார்ப்போம். அகோனிட்டின் மூலக்கூறில் எஸ்டர் பிணைப்பால் (அமிலமும் ஆல்கஹாலும் சேரும்போது உண்டாகும் பிணைப்பு) ஒட்டிய இரண்டு கைகள் உண்டு: ஒன்று அசிட்டைல், மற்றது பென்சாயில். எஸ்டர் பிணைப்பைச் சுடுநீர் அறுக்கும். எண்ணெயிலிருந்து சோப்பு காய்ச்சும்போது காரம் அறுப்பதும் இதே பிணைப்பைத்தான். கொதிநீரில் அசிட்டைல் கை முதலில் கழன்றுவிடும். மிஞ்சுவது பென்சாயில் அகோனின். அதன் நச்சுத்தன்மை ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு. இன்னும் கொதித்தால் பென்சாயில் கையும் மெல்லக் கழன்று அகோனின் மட்டும் நிற்கும். அதன் நஞ்சு ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கைகள் இல்லாத மூலக்கூறால் சோடியம் கதவைப் பிடித்துவைக்க முடிவதில்லை. கிழங்கில் ஹைஜெனமின் என்ற, இதயத்தைத் தூண்டும் பொருளும் இருக்கிறது. அது நீரில் கரைந்து கஷாயத்துக்குள் வந்துவிடும். 2017 முதல் விளையாட்டு வீரர்களுக்கான ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது.

ஜாங் ஜோங்ஜிங் பச்சைக் கிழங்கு ஒன்றைத் தோல் சீவி எட்டுத் துண்டாக்கி, மூன்று ஷெங் (ஷெங் என்பது பழைய சீன முகத்தலளவை) தண்ணீரில் இட்டு, 1.2 ஷெங்காகச் சுண்டும்வரை காய்ச்சச் சொல்கிறார். நம் வைத்தியர்கள் ‘நாலொன்றாக, எட்டொன்றாகக் காய்ச்சு’ என்பது போலத்தான். கடிகாரம் இல்லாத காலத்தில் சுண்டும் நீர்தான் கடிகாரம். எஸ்டர் அறுபட எவ்வளவு நேரம் வேண்டும் என்பதைத் தண்ணீரின் அளவாகவே எழுதிவைத்த இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் பக்குவம் செய்த வில்லைகள். கோடையில் தோண்டிய கிழங்கு சீக்கிரம் அழுகும் என்பதால், உப்புக் காய்ச்சியபின் மிஞ்சும் கசப்பு நீரில் பல நாள் ஊறப்போட்டு, வேகவைத்து, சீவி, அலசி, ஆவியில் அவித்துக் காயவைப்பார்கள். அலசும்போதும் கொஞ்சம் நஞ்சு வெளியேறும். இதே செடியின் தாய்க்கிழங்குக்குச் சீன மருந்துநூல் சொல்லும் பக்குவம் இது: 4 முதல் 6 மணிநேரம் கொதிக்க வேண்டும், பெரிய கிழங்கை வெட்டினால் நடுவில் வெள்ளை தெரியக்கூடாது, நாக்கில் லேசான மரமரப்புதான் இருக்கவேண்டும். பக்குவமான ஃபூட்ஸுவின் அளவு 3 முதல் 15 கிராம். அதையும் தனியாக 30 முதல் 60 நிமிடம் கொதிக்கவிட்ட பிறகே மற்றச் சரக்குகளைச் சேர்ப்பார்கள்.

தவறு நேரும் இடங்களும் இதே வேதியியலில்தான் இருக்கின்றன. கிழங்கைச் சாராயத்தில் ஊறவைத்தால் நஞ்சு நன்றாகக் கரையும். ஆனால் கொதிப்பு இல்லாததால் எஸ்டர் அப்படியே இருக்கும். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் குளிர்காலத்தில் இந்தக் கிழங்கை இறைச்சியோடு வேகவைத்து உண்பார்கள். ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்திலுள்ள அதன் தலைநகர் குன்மிங்கில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். வினை மெதுவாகும், நேரம் கூடவேண்டும். துண்டு தடிமனாக இருந்தாலும் நடுப்பகுதி வேகாது.

‘இயற்கை மருந்து, பக்கவிளைவே இல்லை’ என்ற மூடநம்பிக்கைக்கு இந்தக் கிழங்கைவிட வலுவான மறுப்பு வேண்டியதில்லை. மூலிகை ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குபவர்கள் புது மூலக்கூறு தேடுவதோடு நிற்காமல், ஒவ்வொரு பழைய பக்குவத்திலும் எத்தனை நிமிடத்துக்குப் பின் எவ்வளவு நஞ்சு மிஞ்சுகிறது என்று அளக்கவும் ஒதுக்கவேண்டும்.

இதை வீட்டில் செய்துபார்க்கக் கூடாது. இதற்கு முறிமருந்து கிடையாது. இப்படி ஒரு கஷாயம் குடித்தவருக்கு உதடு மரத்தால், மிச்சக் கஷாயத்தையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.