சமய உணர்வறிந்த உளச்சிகிச்சை: சொல் விளக்கம்

இயற்கைப் பேரிடரில் உயிர் தப்பியவர்களின் உளக்காயத்தை ஆற்றும்போது, அவர்களுடைய சமய நம்பிக்கையையும் சடங்குகளையும், இறைவன்மீது எழும் ஐயத்தையும் சினத்தையும்கூட ஒதுக்கிவிடாமல், சிகிச்சையின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும் முறையை இத்தொடர் குறிக்கிறது. ஆங்கிலத்தில் இது 'ஃபெய்த் சென்சிடிவ் சைக்கோதெரபி' எனப்படும்.

'சைக்கே' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மூச்சு, உயிர், ஆன்மா என்பன பொருள். 'தெரபேயா' பணிவிடையையும் மருத்துவத்தையும் குறித்ததோடு, தெய்வங்களுக்குச் செய்யும் தொண்டையும் குறித்தது. நாம் வழங்கும் 'சிகிச்சை' வடசொல். அறிதலைக் குறிக்கும் 'சித்' என்னும் வேரிலிருந்து பிறந்தது.

'சென்சிடிவ்' என்பதை 'உணர்திறன்' என்று பெயர்த்தால் பொருள் துலங்காது. அது கருவிக்கும் தோலுக்கும் பொருந்தும் சொல். ஒருவருடைய மனமறிந்து நடப்பதே இங்குக் கருதப்படுவதால் 'உணர்வறிந்த' என்பதே ஏற்றது. 'சமயவழி உளச்சிகிச்சை' என்பதும் பொருந்தாது. அது ஒரு சமயத்தின் போதனையை அடித்தளமாகக் கொண்ட வேறொரு முறை.

வெள்ளத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய், "நான் செய்த பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது" என்கிறாள் என்று கொள்வோம். அது பிழையான எண்ணம் என்று வாதிடுவதும், எல்லாம் இறைவன் சித்தம் என்று தேற்றி முடிப்பதும் அவளுடைய வாயை அடைத்துவிடும். இம்முறையில் பயின்றவர், அந்த எண்ணம் எப்போது தோன்றியது, முன்பு துன்பம் வந்தபோது எதை வேண்டினாள், இப்போது வேண்ட முடிகிறதா என்று பொறுமையாகக் கேட்பார். அவள் விரும்பினால் மட்டும் அவளுடைய சமயப் பெரியவரின் துணையையும் நாடுவார். சமயத்தைக் கொண்டு துன்பத்தை எதிர்கொள்வதை ஆராய்ந்த உளவியலாளர் கென்னத் பார்கமென்ட், தண்டிக்கும் கடவுள் என்னும் எண்ணத்தை மனத்துக்கு ஊறு செய்யும் வகையில் சேர்த்தார். உடல் கிடைக்காமல் இறுதிச் சடங்கு தடைப்பட்டவர்களின் துயரமும் இத்தகைய கவனிப்பை வேண்டுவது. நெருக்கடிக்கால உளநலம் பற்றி 2007இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டு நெறிகள், சமுதாயத்தின் சமயச் சடங்குகளுக்கு உரிய சூழலை ஏற்படுத்தித் தருமாறு வலியுறுத்துகின்றன.

நிவாரண முகாம்களில் தொண்டர்கள் அளிக்கும் முதற்கட்ட ஆறுதலைச் சிகிச்சை என்பது மிகை. அதற்கு இலங்கைத் தமிழில் வழங்கும் 'உள ஆற்றுப்படுத்தல்' பொருத்தமானது. ஆற்றுதல், வழிப்படுத்தல் ஆகிய இரண்டும் அச்சொல்லில் ஒலிக்கின்றன. 'உளச்சிகிச்சை' என்பதைப் பயிற்சி பெற்ற வல்லுநரின் பணிக்கே உரியதாக்குவது நல்லது.