மானிட்டர் சொல்வது லினக்ஸுக்குக் கேட்கிறதா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய அகலத்திரை மானிட்டரை வாங்கி வந்து, வீட்டில் உபுண்டு என்ற லினக்ஸ் வகை ஓடும் கணினியில் இணைப்பவர்கள் அடிக்கடி ஒரு சிக்கலைச் சந்திக்கிறார்கள். 1920×1080 பிக்சல் கொண்ட திரையில் 1024×768 மட்டுமே கிடைக்கிறது. எழுத்துகள் மங்கிப்போய், பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு அகன்று, ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிகளும் முட்டை வடிவில் தெரிகின்றன. செட்டிங்ஸில் தேடினால் சரியான அளவு பட்டியலிலேயே இருப்பதில்லை. பழி லினக்ஸின் மேல் விழுகிறது. ஆனால் பெரும்பாலும் நடப்பது, மானிட்டரைப் பற்றிய தகவல் லினக்ஸுக்கு வந்தே சேராததுதான்.

ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஒரு சிறிய நினைவகம் இருக்கிறது. தயாரித்தவர் யார், எந்தெந்த அளவுகளில் படம் காட்ட முடியும், எது தனக்கு மிகப் பொருத்தமானது என்பவை அதில் 128 பைட்டுகளாகப் பதிந்திருக்கும். இதற்கு ஈடிஐடி என்று பெயர். புதிய மானிட்டர்களில் இதைத் தொடர்ந்து கூடுதல் பகுதிகளும் உண்டு. முதல் எட்டு பைட்டுகள் 0, பிறகு ஆறு முறை 255, மீண்டும் 0 என்று அமைந்திருக்கும். 128 எண்களையும் கூட்டினால் வரும் தொகை 256ஆல் மீதியின்றி வகுபடும்படி கடைசி பைட் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். வழியில் ஏதேனும் சிதைந்தால் கணக்கு உதைக்கும். படிக்கத்தக்க தகவல் கிடைக்காதபோது, எந்தத் திரையும் தாங்கும் என்ற நம்பிக்கையில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 1024×768 அளவோடு நின்றுகொள்கிறது.

அகலத்திரைகளுக்கு இதில் ஒரு தனிச் சிரமம் உண்டு. ஈடிஐடியில் ஓர் அளவை இரண்டே பைட்டுகளில் எழுதும் சுருக்க முறையில் அகலம் எட்டின் மடங்காக இருக்க வேண்டும். 2288 பிக்சலைத் தாண்டவும் கூடாது. 2560×1080 போன்ற அளவை அம்முறையில் எழுதவே முடியாது, 1366×768ஐயும் முடியாது. இவற்றைப் பெரும்பாலும் 18 பைட் கொண்ட விரிவான குறிப்பில்தான் எழுதுவார்கள். அந்தக் குறிப்பு போய்ச் சேரவில்லை என்றால் அந்த அளவு கணினிக்குத் தெரிய வழியில்லை.

ஈடிஐடி வருவது படம் செல்லும் கம்பிகளில் அன்று, அவற்றுக்குப் பக்கத்தில் ஓடும் வேறு இரண்டு கம்பிகளில். விஜிஏ கேபிளில் அவை 12, 15 என்னும் எண்ணுள்ள முள்கள், அதாவது கடைசி வரிசையின் இரண்டாவதும் ஐந்தாவதும். அல்சூரில் மாலை வகுப்பு நடத்தும் உறவினர் ஒருவரின் கேபிளைக் கழற்றிப் பார்த்தபோது, 12ஆம் முள் வேரோடு மடிந்து தகரத்தோடு ஒட்டிக்கிடந்தது. படம் மட்டும் குறையின்றி வந்துகொண்டிருந்ததால் கேபிளை யாரும் சந்தேகிக்கவில்லை. நடு வரிசையில் 9ஆம் முள் இல்லாதிருப்பது பல கேபிள்களில் இயல்பு. அதைக் கண்டு கவலைப்பட வேண்டாம்.

தகவல் வந்ததா என்று பார்ப்பது எளிது. /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம் என்ற அடைவில், ஒவ்வோர் இணைப்புக்கும் உரிய ஈடிஐடியைக் கெர்னல் ஒரு கோப்பாக வைத்திருக்கிறது. கோப்புப் பட்டியலில் அதன் அளவு எப்போதும் 0 என்றே காட்டப்படும் என்பதால் அதைக் கண்டு முடிவெடுக்கக் கூடாது. கோப்பைப் படித்து எண்ணினால் 128, 256 போன்ற எண் வர வேண்டும். எண் சரியாக இருந்தும் படம் சிறிதாகவே இருந்தால், கணினி எழும்போது கெர்னலுக்குத் தரப்படும் தொடக்க வரியில் நோமோட்செட் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவும்போது சேர்த்துவிட்டு மறந்துபோகும் இச்சொல், திரையின் அளவை மாற்றும் பொறுப்பையே கெர்னலிடமிருந்து பறித்துவிடுகிறது.

பேச்சு சரியாக நடந்தும் வழி குறுகலாக இருக்கலாம். பழைய எச்டிஎம்ஐ வெளியீடுகள் நொடிக்கு 16.5 கோடி பிக்சல் வரைதான் அனுப்பும். 2560×1080 அளவை 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை, காட்ட, கண்ணுக்குத் தெரியும் பிக்சல்கள் மட்டுமே 16.58 கோடியைத் தாண்டுகின்றன. வரிகளுக்கு இடையிலான வெற்று நேரம் வேறு. 50 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, வெற்று நேரத்தையும் குறைத்தால் அதே திரை அந்த வரம்புக்குள் அடங்கிவிடும்.

எக்ஸ்ரேண்டர் கட்டளையால் புதிய அளவைச் சேர்ப்பதைத்தான் பலர் முதலில் முயல்கிறார்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்வதே நல்லது என்பேன்: திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய அமைப்பான எக்ஸில் அமர்வு முடிந்ததும் அது மறைந்துவிடும், அதற்கு மாற்றாக வந்த வேலேண்டில் அது பலிக்கவும் பலிக்காது. ஒரே மானிட்டரை இரண்டு கணினிகள் பகிரும் ஸ்விட்ச் போன்ற கருவி ஈடிஐடியை விழுங்கிவிடும் இடங்களில், மானிட்டரை நேரடியாக இணைத்து அதன் ஈடிஐடி கோப்பை நகலெடுத்து, ஃபர்ம்வேர் அடைவில் வைத்து, தொடக்க வரியில் அதன் பெயரைக் கெர்னலுக்குச் சொல்லிவிடலாம். திரை இயக்கி கணினி எழும் தொடக்கத்திலேயே ஏற்றப்படும் அமைப்புகளில், அந்த ஆரம்பக் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளும் இந்தக் கோப்பைச் சேர்க்க வேண்டும்.