டிரான்ஸ்வால்: சொல்லும் மாகாணமும்

டிரான்ஸ்வால் என்பது 1994 வரை தென்னாப்பிரிக்காவில் இருந்த ஒரு மாகாணத்தின் பெயர். ‘டிரான்ஸ்’ என்னும் இலத்தீன் முன்னொட்டு ‘அப்பால்’ என்று பொருள்படும். ‘வால்’ என்பது ஆரஞ்சு ஆற்றில் கலக்கும் பெரிய துணையாறு. டச்சு மொழியிலும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலும் அச்சொல் மங்கிய சாம்பல் நிறத்தைச் சுட்டும். கலங்கல் நீரின் நிறமே ஆற்றுக்குப் பெயராயிற்று. ஆப்பிரிக்கான்ஸ் பேசுவோர் நாவில் அது ‘ஃபால்’ என்று ஒலிப்பதால், தமிழில் எழுதும்போது தோன்றும் ‘வால்’ என்ற பொருளுக்கு இதில் இடமில்லை.

இதற்கு நேரான தமிழ் ‘வாலாற்று அக்கரை’ என்பதாகும். யாருக்கு அக்கரை என்று கேட்க வேண்டும். 1830களில், தெற்கே பிரிட்டன் ஆண்ட கேப் காலனியிலிருந்து மாட்டு வண்டிகளில் வடக்கு நோக்கிச் சென்ற போயர்களுக்கு, அதாவது டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகளுக்கு, அது அக்கரை. அங்கேயே வாழ்ந்துவந்த பேடி, சுவானா, வெண்டா, நிடெபெலே மக்களுக்கு அது சொந்த மண். டிரான்ஸ்வாலை அடுத்த கடலோரப் பகுதியான நேட்டாலின் தமிழருக்கும் அது ஆற்றுக்கு அப்பால் இருந்த நிலம் அன்று; 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்து, ஒப்பந்தம் முடிந்தபின் பிழைப்புத் தேடிப் போனவர்கள் சார்ல்ஸ்டவுன், வோல்க்ஸ்ரஸ்ட் என்னும் எல்லை ஊர்கள் வழியாக மலையேறித்தான் உள்ளே நுழைந்தார்கள்.

1852இல் பிரிட்டன் போயர்களின் தன்னாட்சியை ஏற்றது. தென்னாப்பிரிக்கக் குடியரசு உருவாயிற்று. 1877இல் பிரிட்டன் அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டு, மஜூபா போரில் போயர்களிடம் தோற்றபின் 1881இல் திருப்பிக் கொடுத்தது. 1886இல், இன்று ஜோகன்னஸ்பர்க் இருக்கும் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்க வயல் கண்டறியப்பட்டது. 1899இல் பிரிட்டனுக்கும் போயர்களுக்கும் தொடங்கிய போர் 1902இல் முடிந்தபோது டிரான்ஸ்வால் பிரிட்டிஷ் காலனியாகி, 1910 மே 31 அன்று தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் நான்கு மாகாணங்களுள் ஒன்றாயிற்று.

நம் மக்களுக்கு இந்த ஆட்சி மாற்றங்களைவிட எல்லைக்கோடே பெரிதாக இருந்தது. போயர் குடியரசின் 1885ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியருக்குக் குடியுரிமையையும் நிலவுரிமையையும் மறுத்தது. பிரிட்டிஷ் ஆட்சி அதைத் தளர்த்தும் என்று நம்பியவர்களுக்கு, 1907இல், எட்டு வயது கடந்த ஒவ்வோர் ஆசிய ஆணும் விரல்ரேகை பதித்துச் சான்றிதழ் பெற வேண்டும், காவலர் கேட்ட இடத்தில் அதைக் காட்ட வேண்டும் என்ற சட்டமே கிடைத்தது. ஒன்றியம் அமைந்த பின்னும், ஒரே நாட்டின் இரு மாகாணங்களுக்கு இடையே இந்தியர் அனுமதிச் சீட்டின்றி நடமாட முடியவில்லை. அந்தக் கோட்டைத் தாண்டுவதே 1913இல் காந்தி நடத்திய சத்தியாகிரகப் போராட்டத்தின் வடிவமாயிற்று. டிரான்ஸ்வால் பெண்கள் நேட்டாலுக்குள் நுழைந்து நியூகாசில் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். நவம்பர் 6 அன்று 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் சார்ல்ஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வாலை நோக்கி நடந்தார்கள். சிறை சென்று, கொடிய காய்ச்சலோடு வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் தம் 16ஆம் வயதில் உயிர்நீத்தார். அவருடைய கல்லறையும், 1909இல் சிறைக்கொடுமையால் மாண்ட சத்தியாகிரகி நாகப்பனின் கல்லறையும் பிராம்ஃபொன்டெய்ன் இடுகாட்டில் இருக்கின்றன. டிரான்ஸ்வால் என்ற சொல்லை வெறும் நிலப்பெயராக நம்மால் படிக்க முடியாததற்கு இவையே காரணம்.

1994 ஏப்ரல் 27 அன்று புதிய இடைக்கால அரசமைப்பு நடைமுறைக்கு வந்தபோது நான்கு மாகாணங்கள் ஒன்பதாயின, டிரான்ஸ்வால் மறைந்தது. அதன் நிலம், இனவொதுக்கல் ஆட்சி கறுப்பின மக்களுக்கென அதிலிருந்து வெட்டியெடுத்த வெண்டா, லெபோவா முதலிய ‘தாயகங்களோடு’ சேர்த்துப் பங்கிடப்பட்டது. மேற்குப் பகுதி வடமேற்கு மாகாணத்தில் சேர்ந்தது. வடக்கு டிரான்ஸ்வால், கிழக்கு டிரான்ஸ்வால் என்ற பெயர்களில் பழைய சொல் சிறிது காலமே ஒட்டிக்கொண்டிருந்தது. கிழக்கு, ‘ஞாயிறு எழும் இடம்’ என்னும் பொருளுடைய ம்புமலங்காவாயிற்று; தங்க நகரமான ஜோகன்னஸ்பர்க் பகுதி, சோத்தோ மொழியில் ‘தங்கத்தின் இடம்’ எனப்படும் கௌடெங் ஆயிற்று; வடக்கு பின்னர் லிம்போப்போ என்று ஆற்றின் பெயரைப் பெற்றது. அங்கே வாழ்வோர் மொழிகளிலிருந்து பெயர்கள் வந்தது முறையான திருத்தம் என்றே கருதுகிறேன்.

இந்நிலப்பிரிவுகளைத் தமிழில் ‘மாநிலம்’ என்பதைவிட ‘மாகாணம்’ என்பதே பொருந்தும். ‘மாநிலம்’ பழைய இலக்கியத்தில் உலகைக் குறித்து, இன்று இந்தியக் கூட்டாட்சியின் உறுப்புகளுக்கு உரிய சொல்லாக நிலைத்துவிட்டது. சிறப்புப்பெயரை மொழிபெயர்க்காமல் டிரான்ஸ்வால் என்றே எழுதி, தேவையான இடத்தில் ‘வாலாற்று அக்கரை’ என்று பொருள் தரலாம். காலத்தையும் பார்த்து எழுத வேண்டும்: வள்ளியம்மையின் கல்லறை கௌடெங்கில் இருக்கிறது; அவர் வாழ்ந்து மறைந்தது டிரான்ஸ்வாலில்.