மூன்று விநாடியை நிறுத்திப் பார்த்தால்

எட்டு மாதக் குழந்தை பந்தை உருட்டிக்கொண்டிருக்கிறது. சட்டென்று தலையைத் திருப்பி அம்மாவைப் பார்க்கிறது. அம்மா சிரிக்கிறார். குழந்தை மறுபடி பந்திடம் போய்விடுகிறது. மொத்தம் மூன்று விநாடி. அப்புறம் கேட்டால், அப்படி ஒன்று நடந்ததே அம்மாவுக்கு நினைவிருக்காது.

பெற்றோருக்கும் குழந்தைக்கும் இடையிலான பிணைப்பை வலுப்படுத்தும் ஆலோசகர்கள் வலைபோட்டுத் தேடுவது இந்த மூன்று விநாடியைத்தான்.

உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் 1950களில் உகாண்டாவிலும், பிறகு அமெரிக்காவின் பால்டிமோரிலும் வீடுவீடாகப் போய்த் தாய்களையும் குழந்தைகளையும் கவனித்தார். குழந்தை காட்டும் குறிப்பைக் கண்டுகொள்வது, சரியாகப் புரிந்துகொள்வது, தாமதமில்லாமல் அதற்கேற்ற பதில் தருவது: பிணைப்பு உறுதிப்பட இவை முக்கியம் என்றார். குறிப்பறிதல் என்று ஒரே சொல்லில் நாம் சொல்லிவிடலாம்.

சொல்லிவிடலாம், சரி. தூக்கமில்லாமல் தவிக்கும் ஒருவரிடம் "குழந்தையின் குறிப்பைக் கவனியுங்கள்" என்றால் என்ன ஏறும்? நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதனால்தான் வீடியோவைக் கையில் எடுத்தார்கள். ஆலோசகர் வீட்டுக்கு வந்து விளையாட்டு, சாப்பாடு என்று அன்றாடக் காட்சிகளைச் சில நிமிடங்கள் படம்பிடிக்கிறார். பிறகு தனியாக உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து, எந்த இடத்தில் நிறுத்துவது, என்ன சொல்வது என்று எழுதிவைக்கிறார். அடுத்த முறை வரும்போது இருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள். குழந்தை திரும்பும் இடத்தில் படம் நிற்கிறது. "'அம்மா, இருக்கிறாயா?' என்று கேட்கிறான் பாருங்கள். நீங்கள் சிரித்தீர்கள். உடனே தைரியமாகப் பந்திடம் போய்விட்டான்."

குழந்தையின் குறிப்பு, அம்மாவின் பதில், அந்தப் பதிலுக்குக் குழந்தை காட்டும் முகம். வாழும்போது ஒன்றாகக் கலந்து ஓடிவிடும் இந்த மூன்று கண்ணிகளும் திரையில் தனித்தனியாகத் தெரிகின்றன. தொடக்கத்தில் பெரும்பாலும் நன்றாகப் போன தருணங்களைத்தான் காட்டுவார்கள். முகத்துதி என்று தோன்றலாம், ஆனால் காரியமாகத்தான் செய்கிறார்கள். பின்னால் சரியாகப் போகாத ஓர் இடம் வரும்போது, முன்பு அதே அம்மா சரியாகச் செய்த காட்சியை எடுத்துக் காட்ட முடியும். முன்மாதிரி நிபுணர் இல்லை, அந்த அம்மாவேதான். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஒவ்வொரு குறிப்பையும் பிடித்தாக வேண்டும் என்றும் இல்லை. நல்ல பிணைப்புள்ள தாயும் குழந்தையும்கூட அடிக்கடி தாளம் தப்புகிறார்கள் என்பதை உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் காட்டியிருக்கிறார். தப்பிய தாளத்தை மறுபடி பிடிப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வருடக்கணக்கில் ஆலோசனை தேவைப்படுமோ? 2003இல் 70 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 16க்கும் குறைவான சந்திப்புகளில் குறிப்பறிதலை மட்டும் குறிவைத்த முறைகளே நன்றாகப் பலித்தன. லைடன் முறையில் வழக்கமாக ஆறே சந்திப்புகள்.

எல்லோருக்கும் வீடியோ போதாது. அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் செல்மா ஃப்ரைபர்க் 1975இல் ஒரு இளம் தாயைப் பற்றி எழுதினார். குழந்தை வீறிட்டு அழுதாலும் அவர் காதில் விழாததுபோல் இருப்பார். சிறு வயதில் கைவிடப்பட்டவர் அவர். தன் பழைய துயரத்தை ஆலோசகரிடம் சொல்லி அழுதபிறகுதான், குழந்தையை வாரி மடியில் வைத்துக்கொள்ளத் தொடங்கினார்.