டென்சைல் ரூஃப்: இழுவிசைக் கூரை

சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தில் 2011 உலகக் கோப்பைக்காகக் கட்டிய ஸ்டாண்டுகளின் மேல் கூம்பு கூம்பாக ஒரு வெள்ளைக் கூரை நிற்கிறதே, அதுதான் டென்சைல் ரூஃப். தகரமும் இல்லை, காங்கிரீட்டும் இல்லை. துணி!

லத்தீனில் 'டெண்டெரே' என்றால் இழுத்தல், விரித்தல். டென்சைல் அதிலிருந்து வந்தது. நாம் சொல்லும் 'டென்ட்'டுக்கும் வேர் அதுவே.

இழுப்பில்தான் சூட்சுமம். துணியைத் தளர்வாக விட்டால் காற்றில் படபடத்துக் கிழியும், மழைநீர் குளம் கட்டும். அதனால் ஒரு பக்கம் மேல்நோக்கியும் குறுக்கே கீழ்நோக்கியும் வளைகிற மாதிரி வெட்டி ஒட்டி, விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார்கள். இதே வகையில் போட்ட கார் பார்க்கிங் கூரையை அண்ணாந்து பாருங்கள். ஓரத்தில் துணியை மடித்த உறை, அதற்குள் எஃகுக் கம்பி, மூலையில் இரும்புத் தகடு, அதை முறுக்கி இறுக்க ஒரு திருகு.

பெரிய அரங்குகளுக்குப் போடுவது பெரும்பாலும் கண்ணாடி இழையில் நெய்து டெஃப்லான் பூசிய துணி. ஆமாம், நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கும் அதே டெஃப்லான்தான். அமெரிக்காவின் லா வெர்ன் கல்லூரியில் 1973-இல் இதை நிரந்தரக் கூரையாகப் போட்டார்கள். சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ எடைகூட வராது. வெயிலில் சுமார் 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் கசிந்து உள்ளே வருவதால் பகலில் விளக்கு வேண்டாம்.

மின்சாரச் செலவு குறையும் என்று விற்பவர்கள் சொல்வதை மட்டும் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும். ஒற்றைத் துணி வெப்பத்தைப் பெரிதாகத் தடுக்காது. ஏசி போட்ட உள்ளரங்கம் என்றால் இரண்டு அடுக்காவது தேவை. நிழலும் கடல்காற்றும் போதும் என்கிற சேப்பாக்கத்துக்குச் சரி.

தமிழில் என்ன சொல்லலாம்? இந்தத் துணியை ஆங்கிலத்தில் 'மெம்பிரேன்' என்பதைப் பிடித்துக்கொண்டு 'சவ்வுக் கூரை' என்றால் உயிரியல் வகுப்பும் ஜவ்வு மிட்டாயும்தான் ஞாபகம் வரும். 'விதானம்' அழகான சொல், ஆனால் அது மேலே கட்டித் தொங்கவிடும் துணி. விறைப்பு அதில் இல்லை. பள்ளி இயற்பியலில் படித்த இழுவிசையை வைத்து 'இழுவிசைக் கூரை' என்பதே பொருத்தம்.

எனக்கு இன்னொன்றிலும் ஆசை உண்டு. மேளத்தின் தோலை வாரால் இழுத்துக் கட்டுவதற்கு விசித்தல் என்று பெயர். புறநானூற்றில் 'விசி பிணிக் கொண்ட' முழவு வருகிறது. அந்த வழியில் 'விசிதுணிக் கூரை' எனலாம். கொட்டேஷன் கேட்கும் இடத்தில் மட்டும் டென்சைல் என்றே சொல்லிவிடுங்கள்.